நடுக்கம் என்று எழுதக் கூடாது

கிரேன்காரரின் வலது கை நடுங்கியது. விஷயம் இவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதி, கீழே ஒரு கையெழுத்தைப் போட்டு, துறைமுக அலுவலகத்தில் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அதை எழுத நாலு மாதம் ஆனது. எழுதத் தெரியாதவர்கள் கையில் அந்தத் தாள் மாட்டிக்கொண்டதோ என்று நினைக்காதீர்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் கையில்தான் மாட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு வருஷம் அவர் கிரேன் ஓட்டியவர். நூற்று இருபத்தெட்டுப் படி ஏணி ஏறினால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து, காலுக்கடியில் தெரிகிற கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்க வேண்டும். கீழே நின்று கையாலும் விசிலாலும் வழிகாட்டுகிறவர் ஒருத்தர் இருப்பார். அவருக்குப் பெயரே விசில்தான். பத்து வருஷம் இவர் மேலே, அவர் கீழே. ஒருநாள் காலையில் இரும்புக் குழாய்க் கட்டு பாதித் தூரம் இறங்கும்போது வடம் அறுந்தது. விசிலுக்கு நகர நேரம் கிடைக்கவில்லை. கண்ணாடித் தரை வழியாக இவர் முழுவதையும் பார்த்தார்.

விசாரணை நடந்தது. வடம் பழசு, கிரேன்காரர்மேல் தப்பில்லை என்று அறிக்கை வந்தது. ஆனால் அந்த அறிக்கையை அவருடைய வலது கை படிக்கவில்லை. லிவரைத் தொட்டால் நடுங்கியது. நடுங்கி நடுங்கிக் கடைசியில் பிடித்த பிடியில் இறுகிப்போனது. இடது கையால் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

தற்காலிகமாக அவரைத் தரையில் கொக்கி துடைக்கப் போட்டார்கள். விசில் நின்ற இடத்தில் இப்போது நிற்கிறவர் இவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இவரைத் திரும்ப மேலே ஏற்றினால், அடுத்த கட்டு யார் தலைக்கு மேலே தொங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"எனக்குத் தரை வேலையே நிரந்தரமாப் போட்டுக் குடுங்க" என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

"குடுத்துடலாம்ணே. டாக்டர் எழுதினா நாலு நாள் லீவுதான். நிரந்தரமா மாத்தணும்னா இல்லத்துலேர்ந்து அறிக்கை வரணும். போய் மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, எழுதிக் குடுப்பாங்க."

இல்லம் என்றால் துறைமுக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற மனநலப் பிரிவு. இப்போது அதற்கு 'நலப்பயண இல்லம்' என்று பெயர். அங்கே நோயாளி கிடையாது, பயணிதான். ஆலோசகர் கிடையாது, உடன்பயணிதான். சுவரெல்லாம் வெளிர் பச்சை. நாற்காலிகளில் முனையே இல்லை. கோப்புகளில் எழுதக் கூடாத சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதைப் படித்தாலே படிக்கிறவர் மனம் புண்படும் என்பதால் இயக்குநர் அறையில், இரும்பு அலமாரியில், பூட்டி வைத்திருந்தார்கள். எந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. எழுதியது திரும்பி வந்தால் தெரிந்துகொள்வார்கள்.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண். கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"உட்காரச் சம்மதமாங்க?"

"உட்காரத்தான் வந்தேன் மேடம்."

"பேசச் சம்மதமாங்க?"

"அதுக்கும் சேர்த்துத்தான்."

சொன்னார். "கை நடுங்குது மேடம். நடுங்கி அப்படியே இறுகிப்போயிடுது. என்னை மேல ஏத்த வேணாம்னு எழுதிடுங்க. கீழ நிக்கறவன் என் பொண்டாட்டியோட தம்பி." அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அவள் எழுதிக்கொண்டாள். படித்துக் காட்டினாள். அவருக்கு நாலு நாளாக இல்லாத பசி எடுத்தது.

மூன்றாம் நாள் அந்தத் தாள் திரும்பி வந்தது. சிவப்பு மை காயப்படுத்துமாம், அதனால் வெளிர் ஊதா மையில் எல்லா வரியையும் அடித்திருந்தார்கள். சொற்கண்ணியக் குழு அவரைக் கூப்பிட்டது. குழு என்றால் மூன்று பேர். தலைவி, இயக்குநர் அம்மா.

"நடந்ததை உங்களுக்கு ஞாபகப்படுத்தவே கூடாதுங்கறதுதான் எங்க முதல் கொள்கை" என்றார் இயக்குநர் அம்மா, குரலில் தேன் ஒழுக. "அதனால எதையெல்லாம் ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு ஒரு தரம் விவரமாச் சொல்லிடுங்க."

சொன்னார். ரெண்டாவது உறுப்பினர் தாமதமாக வந்தார். அவருக்காக இன்னொரு தரம் சொன்னார். மூன்றாவது உறுப்பினர் நன்றாகக் கேட்டுவிட்டு, "குழாய் எந்தப் பக்கமா விழுந்துச்சுன்னு கையால காட்ட முடியுங்களா? உங்க வேகத்துல காட்டுங்க, அவசரமில்ல" என்றார். காட்டினார். அன்றைக்கு வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

அறிக்கை ஒரு வாரத்தில் துறைமுகத்துக்குப் போனது. மேஸ்திரி அதைச் சத்தமாகப் படித்தார்.

"'பயணியின் வலது கை உயிர்த்துடிப்போடு விளங்குகிறது. கருவிகளை உறுதியாகப் பற்றுகிறார். பற்றியதை எளிதில் விடாதவர். உறவினரோடு சேர்ந்து பணியாற்றுவதைப் பற்றி ஆழ்ந்த உணர்வு கொண்டிருக்கிறார்.'" மேஸ்திரி நிமிர்ந்தார். "என்னண்ணே, உங்களுக்குப் பொண்ணு பாக்கறாங்களா?"

வீட்டில் மனைவி அந்த நகலை வாங்கி ரெண்டு தரம் படித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். கறை எது, நிழல் எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

"ஏங்க, நீங்க போய் என்னதான் சொன்னீங்க?"

"கை நடுங்குதுன்னு சொன்னேன்."

"அது இதுல எங்க இருக்கு?"

"உயிர்த்துடிப்புன்னு இருக்கு பாரு, அதான்."

"அடி செருப்பால." யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. "எங்கப்பா காலத்துல ஒருத்தரு இப்படித்தான் போனாரு. 'நடிக்கிறான்'னு ஒரே வார்த்தை எழுதி மேல ஏத்திவிட்டாங்க. அதை மாத்தறோம்னு வந்தவங்க இவங்க. இவங்க 'கெட்டிக்காரன்'னு எழுதி மேல ஏத்தறாங்க. ரெண்டு பேரும் ஏத்தறது மேலதானே?"

'இன்னும் விளக்கமான அறிக்கை தேவை' என்று துறைமுகம் கேட்டதால் மறுபடி போனார். இந்த முறை மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். தூக்கம் போய் ரெண்டு மாதம் ஆகிறது. ஏணிக்கடியில் நின்றால் வாந்தி வருகிறது. யார் விசில் அடித்தாலும் திரும்பிப் பார்க்கிறார். பார்த்தால் விசில் இல்லை.

ரெண்டாவது அறிக்கை இன்னும் ஜோராக இருந்தது. 'நெடுநேரம் விழித்திருக்கும் ஆற்றல் பெற்றவர். ஏணியின் அருகில் சென்றதும் இவருடைய உடல் முழு ஈடுபாடு காட்டுகிறது. ஒலிகளை உடனுக்குடன் கவனிக்கிறார். இவரோடு பணிபுரிந்த நண்பர் வேறோர் இடத்துக்கு மாறிச் சென்றுள்ளார். அவரோடு நல்லுறவு தொடர்கிறது.'

துறைமுக அலுவலகம் இந்த அறிக்கையை அக்கறையாகப் படித்தது. அந்த அலுவலகம் எதையாவது அக்கறையாகப் படித்தால் யாருக்காவது கேடு வரும். மறுவாரம் விசிலின் மனைவி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு கிரேன்காரர் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணே, இதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் படிச்சேன். எனக்குத்தான் புரியலையோன்னு வந்தேன்."

படித்தார். 'தாங்கள் வேறோர் இடத்துக்கு மாறிச் சென்றுள்ளதாக அறிகிறோம். எந்த இடம் என்பதைத் தாங்களே நேரில் வந்து பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' மேலே விசிலின் பெயர்.

"எங்க மாறிப் போயிருக்காருன்னு நான் சொல்லட்டும்?" என்று கேட்டாள் அவள். அழவில்லை. "கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?"

கிரேன்காரருக்கு இருபத்திரண்டு வருஷத்தில் வேலையிடத்தில் குரல் உயர்ந்தது கிடையாது. கூண்டில் உட்கார்ந்து கத்தினால் யாருக்குக் கேட்கப்போகிறது? அன்றைக்கு அந்தக் கடிதத்தோடு இல்லத்துக்குப் போய், சம்மதம் கேட்கிறவர்களையெல்லாம் தாண்டி, இயக்குநர் அம்மா முன்னால் நின்றார். பின்னாலேயே ஆலோசகர் பெண் ஓடி வந்தாள்.

"செத்தவனுக்கு லெட்டர் போட்டிருக்காங்கம்மா. நீங்க எழுதினதைப் பாத்து."

இயக்குநர் அம்மா கண்ணை மூடித் திறந்தார். "நீங்க இப்ப சொன்ன முதல் வார்த்தை எனக்குள்ள எங்கயோ தைச்சுது. பரவாயில்ல. நான் தாங்கிக்கறேன்."

"கை நடுங்குதுன்னு எழுதறதுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"பாருங்க, முன்னாடி இந்தப் பிரிவுல எவ்வளவு கொடுமையா எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. கிறுக்குன்னு எழுதினாங்க, நடிக்கிறான்னு எழுதினாங்க. நான் வந்து எல்லாத்தையும் நிறுத்தினேன். இந்த மூணு வருஷத்துல எங்க கோப்புல ஒரு மனுஷன் கஷ்டப்பட்டதில்ல. ஒருத்தர் அழுததில்ல. ஒருத்தர் செத்ததில்ல. வேணும்னா எடுத்துப் பாருங்க. இதுக்காக எங்களுக்கு விருதே குடுத்தாங்க." சுவரில் அது தொங்கியது. "நீங்க சொன்னதை அப்படியே பச்சையா எழுதிட்டா, அதைப் படிக்கிற அதிகாரி மனசு என்ன பாடுபடும்? அவரும் மனுஷர்தானே? ஒரு காயத்தை ஆத்தறேன்னு பத்துப் பேருக்குக் காயம் குடுக்கலாமா?"

"நான் மேல ஏறினா கீழ ஒருத்தன் செத்துடுவாம்மா."

"அதுகூடப் பாருங்க, இன்னும் நடக்காத ஒண்ணு. நடக்காததைப் பத்தி இப்படிப் பேசறது எதிர்காலத்துக்கு நாம செய்யற மரியாதைக் குறைவு."

ஆலோசகர் பெண் வாயைத் திறந்தாள். "மேடம், நம்ம கையேட்டுல முதல் விதியே, வந்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கறதுதான்."

"அது முன்னுரையில இருக்கும்மா. முன்னுரை அழகுக்குப் போடறது."

"அப்ப என்னதான் எழுதுவீங்க?" என்றார் கிரேன்காரர். அவர் கை அந்தக் கடிதத்தோடு ஆடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் அம்மா அந்தக் கையையே பரிவோடு பார்த்தார். "எவ்வளவு உணர்ச்சி இருக்கு அந்தக் கையில!" என்றார். ஊதா பேனாவை எடுத்தார்.

மூன்றாவது அறிக்கை வந்தது. அதைப் படித்த துறைமுகம் மலைத்துப்போனது. இப்படியொரு ஆளையா கொக்கி துடைக்க விட்டிருக்கிறோம்? திங்கட்கிழமை முதல் ஏழாம் கப்பல் தளத்துப் புதுக் கிரேன் அவருக்கு என்று உத்தரவு போட்டது. புதுக் கிரேன் பழசைவிட ரெண்டு மடங்கு எடை தூக்கும். வராவிட்டால் வேலை போகும்.

மைத்துனர் வீட்டுக்கு வந்தார். அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"மாமா, நான் வேணா அன்னிக்கு லீவு போட்டுடட்டுமா?"

"நீ லீவு போட்டா இன்னொருத்தன் நிப்பான் மாப்ளே. அவனுக்கும் யாராவது அக்கா இருப்பா."

திங்கட்கிழமை ஏறினார். ஏறுவதற்கு முன்னால், கிரேனுக்கடியில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். எல்லோரும் விலகி நின்றார்கள். குழாய்க் கட்டு தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியது. பிறகு எழும்பவுமில்லை, இறங்கவுமில்லை. அந்தரத்தில் நின்று உதறியது. மேலே அவர் இடது கையால் சிவப்புப் பொத்தானைக் குத்தி அணைத்துவிட்டு, வலது கை விரல்களைப் பிரித்துக்கொண்டு, நூற்று இருபத்தெட்டுப் படியை இருநூறு படி போல இறங்கி வந்தார்.

"முடியல. இனி ஏற மாட்டேன். வேலை போனாப் போகட்டும்."

கப்பல் காத்திருந்தது. துறைமுக மேலாளர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போன் போட்டார். "நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? வந்து பாருங்க" என்றார். அரை மணி நேரத்தில் இயக்குநர் அம்மா வந்து இறங்கினார். ஆலோசகர் பெண் கோப்போடு பின்னால் வந்தாள்.

நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். இயக்குநர் அம்மா அறிக்கையை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். துடிப்பு, ஈடுபாடு, விழிப்பு எல்லாம் வரிசையாக வந்தன. வட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "இவருக்குத் தேவைப்படறது கூட வர ஒரு ஆள்தான்" என்று முடித்தார். "உடன்பயணின்னா அதுதானே அர்த்தம்? நான் உங்ககூட மேல வர்றேன். சம்மதமாங்க?"

"சம்மதமில்லம்மா. உங்களுக்குப் பழக்கமில்ல."

"இல்லைன்னு நீங்க சொல்றதை, 'இன்னும் யோசிச்சுட்டிருக்கேன்'னு எடுத்துக்கறேன்" என்றபடி ஏணியில் கால் வைத்தார். மேலாளர் தடுக்கவில்லை. அவருக்குக் கப்பல் கிளம்பினால் போதும்.

தனியாக விட மனமில்லாமல் கிரேன்காரர் பின்னாலேயே ஏறினார். அறுபது படி வரைக்கும் இயக்குநர் அம்மா பேசிக்கொண்டே போனார். எண்பதில் பேச்சு நின்றது. நூறில் மூச்சு மட்டும் கேட்டது. கூண்டுக்குள் போனதும் கண் கீழே போனது. கண்ணாடித் தரை. அதற்கடியில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்கு அடியில், தீக்குச்சி மாதிரிக் குழாய்க் கட்டு. அதைச் சுற்றி எறும்பு மாதிரி மனுஷர்கள். காற்று அடித்துக் கூண்டு ஒரு சாண் அசைந்தது.

இயக்குநர் அம்மா ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். பிடித்தது பிடித்ததுதான்.

"அம்மா, இறங்கிடலாம் வாங்க."

தலை ஆடியது. கை ஆடவில்லை.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல... ஒரு... உயரத்தோட எனக்கு ஒரு... புது அனுபவம்..."

"பயம்மா அது. பயம்னு சொல்லுங்க. சொன்னாக் கொஞ்சம் குறையும்."

உதடு வெளுத்திருந்தது. "பயமா இருக்குய்யா" என்றார். அது தேன் ஒழுகிய குரல் இல்லை. "கை வர மாட்டேங்குது. என் கை வர மாட்டேங்குது. என்னை இறக்கிடுய்யா!"

கூண்டு ஜன்னல் திறந்திருந்தது. நாற்பது பேருக்கும் கேட்டது.

இறுகின கையை என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் துறைமுகத்தில் கிரேன்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும். கட்டைவிரலை முதலில் பிரிக்கக் கூடாது, சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும். இழுக்கக் கூடாது, தேய்த்துச் சூடேற்ற வேண்டும். பத்து விரலையும் பிரித்தார். பிறகு அந்தம்மாவுக்கு ஒரு படி கீழே நின்று, ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்தார். கீழே வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் கிரேன்காரரின் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் துடிப்பு என்று சொல்லவில்லை.

வேறொரு கிரேன்காரர் ஏறிக் குழாய்க் கட்டை இறக்கினார். முதலுதவி அறையில் டாக்டர், இயக்குநர் அம்மாவின் நாடியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எழுத ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதியதை நர்ஸுக்குச் சத்தமாகப் படித்தார். "உயரத்தில் பயந்துபோயிருக்கிறார். கை நடுங்குகிறது. இனி மேலே ஏற்றக் கூடாது."

கதவருகில் நின்ற கிரேன்காரருக்கு அது கேட்டது. பக்கத்தில் நின்ற ஆலோசகர் பெண்ணுக்கும் கேட்டது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலேயே அந்தத் தாள் சொற்கண்ணியக் குழுவின் முத்திரையோடு இல்லத்துக் கோப்பில் ஏறியது. ஒரு சொல்லில்கூட ஊதா மை படவில்லை. இயக்குநர் அம்மாவுக்கு ஒரு மாதம் ஓய்வு.

கிரேன்காரர் ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தார். சம்மதம் கேட்க அவள் மறந்துபோயிருந்தாள்.

"மேடம், நேத்து டாக்டர் எழுதின அந்த மூணு வரியை எனக்கும் எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"குழு அடிச்சுடுவாங்களேங்க."

"அம்மாவுக்கு எழுதினா மரியாதை, எனக்கு எழுதினா மரியாதைக் குறைவா? கேட்டுப் பாருங்க."

அவள் மூன்று வரியையும் தட்டச்சு செய்தாள், பெயரை மட்டும் மாற்றி. குழுவில் மிச்சமிருந்த ரெண்டு உறுப்பினர்களும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். 'பயந்துபோயிருக்கிறார்' பச்சையாக இருக்கிறது என்றார் ஒருத்தர். "பச்சைன்னு இப்ப நாம எழுதினா, அம்மா கோப்புல இருக்கறதையும் பச்சைன்னு சொன்னதா ஆயிடும்" என்றார் மற்றவர். ரெண்டு பேருக்கும் வேலை முக்கியம். முத்திரை விழுந்தது.

வீட்டில் மனைவி அதை வாங்கிப் படித்தாள். மூன்றே வரி, ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா நாலு மாசம்? இதுக்கா அந்தப் பொம்பளை கையில லெட்டரைக் குடுத்து வாசல் வாசலா அலைய விட்டாங்க?" தாளை மேசைமேல் அறைந்தாள். "அந்தம்மா கை ஒரு மணி நேரம் நடுங்குச்சு. உடனே நடுக்கம்னு எழுதிட்டாங்க. உங்க கை நடுங்கறதை எழுத, அவங்க கை நடுங்க வேண்டியிருக்கு."

அவர் தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

இப்போது அவருக்கு ஏழாம் தளத்தில் தரை மேற்பார்வை. தினமும் காலையில் கிரேன் ஏற வருகிற ஆளை ஏணிக்கடியில் நிறுத்தி, "எப்படி இருக்கே?" என்று கேட்பார். அவன் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். போன வாரம் வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லாத்தாண்ணே இருக்கேன்" என்றான். அவர் பேனாவை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன், "குழந்தைக்கு மூணு நாளாக் காய்ச்சல். தூக்கமே இல்ல, கண்ணு சொருகுதுண்ணே" என்றான்.

'குழந்தைக்கு மூணு நாளாக் காய்ச்சல். தூக்கமே இல்ல, கண்ணு சொருகுது' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் யாருக்கும் புரியும்.

"வீட்டுக்குப் போ" என்றார்.

கப்பல் ஊதியது. மேலாளர் போன் போட்டார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஏழாம் தளத்தில் கிரேன் ஓடவில்லை.